தெர்மோஸ்டாட் முதல் சைலன்சர் வரை: பட்டறை நாட்குறிப்பு

மார்ச் 4

பெட்ரோல் கார். பிக்கப் மந்தம், மைலேஜ் இறக்கம், செக் இன்ஜின் விளக்கு. ஸ்கேனரில் பி0128, அதாவது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போதிய சூட்டை எட்டவில்லை என்ற பிழைக்குறி. நெரிசலில் நின்றால் கூலன்ட் 85 டிகிரி செல்சியஸ். வேகம் பிடித்து ஓடினால் 68-க்கு இறங்குகிறது. சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குப் போகும் கூலன்டைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடாமல் சிக்கியிருந்தால் இப்படித்தான் காட்டும். எதிர்க்காற்று ரேடியேட்டர் வழியாக எல்லாச் சூட்டையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது.

இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது. 14.7-க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் விகிதம் கெடுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் பகுதி) அந்த விகிதத்தை ஒட்டி நிற்கும்போதுதான் மூன்று நச்சு வாயுக்களையும் ஒருசேரக் குறைக்கும்.

சூடு பிடிக்கக்கூடாது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். அதை ஏற்க முடியாது. சூடு ஏறினால் காரணம் ரேடியேட்டரிலோ, ஃபேனிலோ, வாட்டர் பம்பிலோ, ஹெட் கேஸ்கெட்டிலோ (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) இருக்கும். அங்கேதான் தேட வேண்டும்.

மார்ச் 5

கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்கினோம். அதன் மேல் 88 என்று பொறித்திருக்கிறது; அது திறக்கத் தொடங்க வேண்டிய சூடு. குளிர்ந்த நிலையிலேயே வால்வு விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ரப்பர் வளையம் பிய்ந்திருக்கிறது.

புதியதில் காற்றுப்போக்குத் துளை மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கூலன்ட், காய்ச்சி வடித்த நீர் இரண்டும் சரிபாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, பிளீட் ஸ்க்ரூவில் குமிழ் நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் சென்சார் முனை கூலன்டில் நனையாது. இன்ஜின் கொதித்தாலும் மீட்டர் சாதாரணமாகவே காட்டும்.

கூலன்ட் மூடியையும் மாற்றியாயிற்று. 1.1 பார் அழுத்தம் தாங்க வேண்டிய மூடி அதற்கு வெகுமுன்பே கசிந்தால் கூலன்டின் கொதிநிலை இறங்கிவிடும்.

மார்ச் 11

டீசல் கார், டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைப்பு. புதிய ஃபில்டர் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் கூலன்ட் சூட்டைப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் 62 டிகிரியைத் தாண்டவில்லை.

ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி புகைச்சூடு தேவை. இன்ஜின் போதுமான சூட்டில் இல்லையென்றால் இசியூ அந்த எரிப்பைத் தொடங்கவே தொடங்காது; தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடும். விட்ட ஒவ்வொரு முறையும் அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி, டீசல் நாற்றமும் அடித்தது. தெர்மோஸ்டாட், ஆயில், ஆயில் ஃபில்டர் மூன்றையும் மாற்றிய பிறகே ஸ்கேனர் வழியாக எரிப்பு. ஃபில்டர் தப்பித்தது.

மார்ச் 14

3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுக்கும் பெட்ரோல் கார். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டினோம். 2,500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்குள் நிற்க வேண்டியது 0.5-ஐத் தொட்டது. வெளியேற முடியாத புகை சிலிண்டரிலேயே தங்குவதால் புதுக்காற்றுக்கு இடமில்லை. இழுவை போவது அதனால்தான்.

கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் உருகும். இக்னிஷன் காயில் ஒன்று விட்டுவிட்டு வேலை செய்கிறது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளிருக்கும் தேன்கூட்டை உருக்கியிருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்.

மார்ச் 19

டீசல். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது. சந்தேகம் உடனே ஹெட் கேஸ்கெட்டின் மேல் விழும். புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும்முன் குளிர்விக்கும் இஜிஆர் கூலரை முதலில் பார்ப்பதே நல்லது. புகையைக் குளிர்விக்கும் குழாய் உள்ளே வெடித்தால் கூலன்ட் நேரே புகைப்பாதையில் இறங்கும். இஜிஆர் வால்வைக் கழற்றினால் வழக்கமான காய்ந்த கரி இல்லை. ஈரப்பசையாக, ஓரிடத்தில் உலோகம் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்த பின் கூலன்ட் பக்கத்தில் 1 பார் அழுத்தம் ஏற்றினோம். கூலரின் புகை வாயில் சொட்டுச் சொட்டாக நீர் வந்தது. கூலரை மாற்ற வேண்டும். இஜிஆர் பாதையை அடைத்துவிட்டு ஓட்டினால் எரிசூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும்.