பாலத்துக்கும் ரப்பர் செருப்பு

நேற்று சங்குப்பிட்டிப் பாலத்தாலை வரேக்கை பின்னுக்கிருந்த மருமகன் கேட்டான்: "மாமா, பூமி நடுங்கினா இது விழுமோ?" எங்கடை பக்கம் அந்தப் பயம் குறைவுதான். எண்டாலும் கேள்வி பிடிச்சுது, மோட்டச்சைக்கிளை ஓரமா நிப்பாட்டிப்போட்டுச் சொன்னன்.

கலிபோர்னியாவிலை சியரா பொயின்ற் எண்டொரு பழைய பாலம். இடிக்கேல்லை. 1985இலை தூண் தலையிலை மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பழைய தாங்கியளைக் கழற்றிப்போட்டு, ரப்பரும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கி நடுவிலை ஈயம் வைச்ச கட்டையளைச் செருகினவை. நியூசிலாந்துக்காரற்றை கண்டுபிடிப்பு. நிலம் வெட்டி இழுக்க ரப்பர் நெளிஞ்சு குடுக்கும், மேல்தளம் ஆறுதலா ஆடும். ஈயம் அந்த வேகத்தைச் சூடாக்கி விழுங்கிப்போடும். ஆடுறதுக்கு முனையிலை இடைவெளி விடாட்டி எல்லாம் வீண்.

"அப்ப பாலத்துக்குச் செருப்புப் போட்டிருக்கினம்" எண்டான். கள்ளன், என்னைவிட நல்லாச் சொல்லிப்போட்டான்.