மண்பானைக்கு ஒரு நியாயம், எவர்சில்வருக்கு ஒரு நியாயம்

தீட்டு என்றதும், "அது அந்தக் காலத்துச் சுகாதார ஏற்பாடு" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். சாவுத் தீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருக்கும் பங்காளிக்குச் சேதி காதில் விழுந்ததுமே தீட்டு. சவத்துக்குத் தோள் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் குளித்தால் போதும். கிருமி இப்படி உறவுமுறை பார்த்துப் போகாது.

தீட்டு எதில் ஏறும், எப்படி இறங்கும் என்று கேட்டால்தான் அதன் கணக்கு பிடிபடும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் ஆசாரம் பார்க்கும் வீடுகளில் அரிசி மூட்டையை யாரும் தொடலாம். அதே அரிசி வெந்து சாதமானால் "பத்து", அதாவது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் சமைத்த உணவின் தீட்டு. சாதப் பாத்திரத்தைத் தொட்ட கையை நனைக்காமல் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. பருத்திப் புடவையை நனைத்து, பிறர் கைபடாமல் கொடியில் உலர்த்தினால்தான் மடி, அதாவது ஆசாரச் சுத்தம். பட்டுக்கு அவ்வளவு கட்டாயம் இல்லை. தீட்டுப் பட்ட மண்பானையைத் தூக்கிப் போடுவார்கள், பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொள்வார்கள். மண் உறிஞ்சும், உலோகம் உறிஞ்சாது. ஈரம் வாங்கிக்கொள்ளும், உலர்ந்தது வாங்காது.

பைபிளின் லேவியராகமத்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். செத்த பிராணி விழுந்த மண்பாண்டத்தை உடைக்க வேண்டும். அது உலர்ந்த விதைமேல் விழுந்தால் தீட்டில்லை, தண்ணீர் பட்ட விதைமேல் விழுந்தால் தீட்டு. இன்னும் வியப்பான விதி 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: புனிதமான பலி இறைச்சியை வேகவைத்த மண்பானையையும் உடைக்க வேண்டும், செப்புப்பானையை விளக்கிக் கழுவினால் போதும். புனிதமும் தீட்டும் ஒரே வழியில்தான் பரவுகின்றன.

மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூலில், இருக்க வேண்டிய இடம் மாறிய பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்றார். தலையில் இருக்கும்வரை கூந்தல், சோற்றில் கிடந்தால் அருவருப்பு. அருமையான பார்வைதான். ஆனால் அந்த இடங்களை வகுத்தது யார், அதனால் யாருக்கு லாபம் என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் பாதிதான் புரியும். ஹவாய்த் தீவுகளில் ஒரு காலத்தில் பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. பன்றிக்கறியும் வாழைப்பழமும் அவர்களுக்கு விலக்கு. 1819இல் அரசன் லிஹோலிஹோ எல்லார் கண்ணெதிரே பெண்களோடு அமர்ந்து உண்டான். அந்த ஒரு பந்தியோடு பழைய விலக்கு முறையே சரிந்தது.

சென்னை அடுக்குமாடி வீடுகளுக்கு வருவோம். வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அது எவர்சில்வர் டம்ளர். ஆசாரத்தின் சொந்த விதிப்படியே அதில் எதுவும் ஊறாது, ஒரு தரம் துலக்கினால் தீர்ந்தது. வீட்டார் அத்தனை பேரின் எச்சில் தட்டையும் துலக்குவது அவர் கைதான். அந்தக் கை துலக்கிய தட்டில் சாப்பிடலாம், அவர் குடித்த டம்ளரில் குடிக்கக்கூடாது என்றால், இதில் எச்சிலுக்கும் உலோகத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாதிதான் மிச்சம். டீக்கடை இரட்டைக் குவளைக்கும் இதற்கும் கதவு சாத்தியிருப்பது ஒன்றுதான் வித்தியாசம். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது.

இதை ஆய்வு செய்ய வருகிறவர்கள் "தீட்டுப் பார்ப்பீர்களா?" என்று கேட்க வேண்டாம், யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். எந்த டம்ளர் யாருக்கு, அதைக் கழுவுவது யார், கழுவியபின் மற்ற பாத்திரங்களோடு அலமாரிக்குப் போகிறதா, பால்கனித் தொட்டி ஓரத்திலேயே கவிழ்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.