கப்பலேறிப் போன சின்னத் தாத்தா

"பெரியவன் மலைக்குப் போனான், சின்னவன் கடலுக்குப் போனான்." எங்கள் அப்பாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது இவ்வளவுதான். மலை என்றால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம். கடல் என்றால் நேட்டால், இன்றைய தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்கள். கடலுக்குப் போனவர் என் கொள்ளுத் தாத்தாவின் தம்பி. அவரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து அப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர். இதில் நமக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் இப்போது கணினியில் தேடக் கிடைக்கின்றன.

'சேலம்' என்று போட்டுத் தேடினேன். மலைத்துப் போனேன். அன்றைய சேலம் ஜில்லாவில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியும் சேர்த்தி. ஒரே பெயரில் பக்கம் பக்கமாக ஆட்கள். தகப்பன் பெயர் உறுதியாகத் தெரியாமல் இதில் இறங்கக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, ஊர்ப்பக்கம் திரும்பினேன். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் வேண்டும். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். வருடம் தெரியாமல் தேட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு காகிதம் கேட்டதுதான் வலித்தது. கடைசியில் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியிலேயே அந்தப் பத்திரம் இருந்தது. தேடுகிறவர்கள் முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

தகப்பன் பெயர் கிடைத்ததும் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒருவருக்கு வயது நாற்பது, இன்னொருவருக்கு இருபத்திரண்டு. இளையவருக்கு நேரே தாலுகா ஓமலூர். ஊர்ப் பெயர்தான் புரியவில்லை. யாரோ காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது அது. முதலி அங்கே 'மூட்லி' ஆனதும், கவுண்டன் 'கௌண்டென்' ஆனதும் இப்படித்தான். கண்ணால் படித்தால் ஒன்றும் பிடிபடாது, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பெரியப்பாவிடம் நாலைந்து விதமாகச் சொன்னேன். "அட, அது நம்ம பழைய ஊர்டா, ஏரிக்கு மேக்கால இருந்தது" என்றார். வரைபடத்தில் இன்று இல்லாத பெயர்!

கடைசிக் கட்டத்தில் 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு' என்று இருந்தது. அவருக்குப் புகைப்படம் கிடையாது. அவர் உடம்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒற்றை வரிதான். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

'போனவன் மறந்துட்டான்' என்பதுதான் வீட்டில் ரொம்ப நாள் பேச்சு. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். திரும்பி வர இலவசக் கப்பல் உண்டு என்றாலும் முதலில் போனவர்களுக்கு அது பத்து வருடம் கழித்துத்தான். 1895 சட்டம் வந்த பிறகு போனவர்கள், ஒப்பந்தம் முடிந்து அங்கேயே சுதந்திரமாக இருக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு மூன்று பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். அறுபது ஷில்லிங், அதாவது முதல் வருடக் கூலியில் ஆறு மாதம். 1913இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து போராடிய பிறகுதான், 1914இல் அந்த வரி ஒழிந்தது. எங்கள் ஆள் போனது 1890களின் கடைசியில்.

இதையெல்லாம் சொன்னபோது பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். தெற்கு மூலையில் கால் ஏக்கர், கடலை போட்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து அதைக் 'கப்பக்காரன் காடு' என்றுதான் சொல்லி வருகிறோம். யார் அந்தக் கப்பல்காரன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அவன் பங்கு" என்றார் பெரியப்பா. "பிரிக்கும்போது யாரும் எடுத்துக்கல."