பல்பைப் போட்டதும் சத்தம் மாறும்

இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். வருகிறவையெல்லாம் எரிந்துபோன மோட்டார்தான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது எரியாத மோட்டாரோடு வருவார்கள். "அண்ணே, கரண்டே இல்லாம ஓடுற மாதிரி செஞ்சிருக்கேன். ஏதோ ஒரு சின்ன மிஸ்டேக், அத மட்டும் பாத்துக் குடுங்க."

போன வாரம் வந்த தம்பியும் அப்படித்தான். ஒரு ஹெச்பி மோட்டார், பெல்ட் வழியாக இருபது கிலோ ஃப்ளைவீல் என்கிற கனச் சக்கரம், அதிலிருந்து கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டர் வயர் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாகத் திரும்ப மோட்டாருக்கே. வெல்டிங்கெல்லாம் அவ்வளவு சுத்தம், குறை சொல்ல முடியாது. மெயினில் போட்டு 1500 ஆர்பிஎம் வரை ஏற்றி, சுவிட்சைத் திருப்பி மெயினை விட்டு ஆல்டர்னேட்டருக்கு மாற்றினோம். நாற்பது செகண்ட் ஓடி நின்றது.

"பேரிங் டைட்டா இருக்குமோண்ணே?"

எல்லோரும் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். உராய்வுதான் எதிரி, அதை ஒழித்துவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று. பேரிங் நன்றாகத்தான் இருந்தது. அந்த நாற்பது செகண்டும் எங்கிருந்து வந்தது என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். அரை மீட்டர் விட்டம், இருபது கிலோ, 1500 ஆர்பிஎம். கணக்குப் போட்டால் சக்கரத்துக்குள் இருப்பது சுமார் 7,700 ஜூல் ஆற்றல். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை இரண்டு டிகிரி சூடாக்கக்கூட அது போதாது. அதையும் மெயின்தான் கொடுத்தது. ஃப்ளைவீல் ஒரு உண்டியல், போட்டதுதான் இருக்கும்.

நல்ல மோட்டாரே நூறு வாட் வாங்கினால் எழுபத்தைந்து வாட்தான் ஷாப்ட்டில் தரும். இந்த சைஸ் ஆல்டர்னேட்டர் அதில் எண்பது சதவீதம் திருப்பித் தந்தால் அறுபது வாட். ஒரு சுற்றுக்கே நூறு அறுபதாகிவிட்டது, பெல்ட்டில் போவதை நான் சேர்க்கவே இல்லை.

"சரிண்ணே, லாஸே இல்லாத மோட்டார் வந்துட்டா?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. ஷெல்ஃபில் கிடந்த ஒரு பழைய டிசி மோட்டாரை எடுத்துக் கையில் கொடுத்தேன். "ஷாப்ட்டை விரலால சுத்து." லேசாகச் சுற்றியது. அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, "இப்போ சுத்து" என்றேன். சேற்றுக்குள் சுற்றுகிற மாதிரி இருந்திருக்கும், முகத்திலேயே தெரிந்தது.

"உள்ள ஏதோ பிடிக்குதுண்ணே."

பேரிங் அதேதான், கிரீஸும் அதேதான். பிடிப்பது கரண்ட். காயிலில் கரண்ட் ஓட ஆரம்பித்ததும் அது தன்னைச் சுற்றுகிறவனையே எதிர்த்துத் தள்ளும். லென்ஸ் என்கிற விஞ்ஞானி இதை 1834-லேயே விதியாக எழுதிவிட்டார். லாஸே இல்லாத இயந்திரம் செய்தாலும், சும்மா சுற்றும் வரைதான் சுற்றும். ஒரு வாட் வெளியே எடுத்தால் ஷாப்ட்டில் ஒரு வாட் குறையும். உராய்வு போனால் நஷ்டம் நிற்கும், அவ்வளவுதான். லாபம் எங்கிருந்தும் வராது. டைனமோ வைத்த சைக்கிளில் லைட்டைப் போட்டதும் பெடல் கனப்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். காலுக்குத் தெரிந்தது தலைக்கு ஏற எத்தனையோ வருஷம் ஆனது. பதினாறு வயதில் நானும் ஒரு டைனமோவை வைத்து இதே வேலையைப் பார்த்தவன்தான்.

காந்தத்தை மட்டும் வைத்துச் செய்கிறவர்கள் தனி ரகம். காந்தம் வரும்போது இழுக்கும், போகும்போதும் அதே அளவு இழுத்துப் பிடிக்கும். பாதிச் சுற்றை மட்டும் வீடியோ எடுத்தால் அற்புதமாகத்தான் இருக்கும்.

மீட்டர் இன்னொரு ஏமாற்று. லோடே இல்லாமல் 230 வோல்ட் காட்டினால் "பவர் வருது" என்பார்கள். வோல்ட் பவர் இல்லை. கெப்பாசிட்டர் போட்ட சர்க்யூட்டில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கிவிட்டு வாட் என்பார்கள். அந்தப் பெருக்கலில் எத்தனை பங்கு நிஜ வாட் என்று சொல்கிற பவர் ஃபாக்டர் என்று ஒன்று இருப்பதே அந்தக் கணக்கில் வராது.

இந்த ஆசை புதிதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியரே பாதரசம் நிரப்பிய ஆரங்களை வைத்து ஒரு சக்கரம் எழுதியிருக்கிறார். பாரிஸ் அறிவியல் அகாடமி 1775-ல், இனி இந்த மாதிரி இயந்திரங்களைப் பரிசீலிக்கவே மாட்டோம் என்று கதவைச் சாத்தியது. எனக்குப் பிடித்தது ரெட்ஹெஃபர் கதை. 1813-ல் நியூயார்க்கில் தானாக ஓடும் இயந்திரம் என்று காசு வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நீராவிக் கப்பல் ஓட்டிய ராபர்ட் ஃபுல்டன் போய்ப் பார்த்தார். ஓடுகிற சத்தம் ஒரே சீராக இல்லை, ஏறி இறங்கியது. கையால் சுற்றுகிற ஓட்டம்! பலகையைப் பிடுங்கினால் சுவருக்குள் ஒரு பெல்ட். அது போய் முடிந்த மாடி அறையில் ஒரு கிழவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். காதை வைத்துக் கண்டுபிடித்தவர், நம்ம தொழில்காரர்.

தம்பி யாரையும் ஏமாற்றவில்லை, தன்னைத் தவிர. கடைசியாக ஒருமுறை நூறு வாட் பல்பை மாட்டி ஓட்டினோம். சுவிட்சைத் தட்டிய அந்த நொடியே ஃப்ளைவீலின் சத்தம் ஒரு படி இறங்கியது. "கேட்டியா?" என்றேன். தலையாட்டினான். இருபத்தைந்து செகண்டில் நின்றது.

நேற்று ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணே, பேரிங் மாத்தி, பல்பையும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் கழட்டிட்டு சும்மா சுத்தவிட்டேன். அஞ்சு நிமிஷம் ஓடுதுண்ணே!"