சொட்டாத கசிவும் மாமாவின் கைராசியும்

எங்கள் பழைய டீசல் ஜீப்புக்குக் காலையில் மட்டும் ஒரு வியாதி. சாவியைத் திருப்பியதும் கிளம்பும், சில நொடி ஓடும், அப்புறம் விக்கி விக்கி அணைந்துவிடும். அதன்பின் செல்ஃப் அடித்தே பேட்டரி களைத்துப்போகும்.

"பேட்டரியை மாத்துங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். பேட்டரி சரியில்லை என்றால் முதலில் எப்படிக் கிளம்பும்? மாமனாரிடம் இதையெல்லாம் கேட்க முடியுமா!

ஒரு நாள் சாயங்காலம் வண்டியை அவரே கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாள் ஒரே திருப்பில் கிளம்பி, அணையாமல் ஓடியது. கைராசி என்று வீடே கொண்டாடியது. மெக்கானிக் அண்ணன் மட்டும், "சரிவுல முகத்தை எந்தப் பக்கம் வெச்சு நிறுத்துனீங்க ஐயா?" என்று கேட்டார்.

முகம் கீழ்ப்பக்கம். நான் நிறுத்தினால் எப்போதும் மேல்பக்கம். டேங்க் பின்னால் இருப்பதால், ராத்திரியோடு ராத்திரியாக டீசல் அங்கேயே திரும்பி இறங்க, குழாயில் காற்று ஏறிவிடுகிறதாம். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் திறக்க 100 பாருக்கு மேல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் நூறு மடங்குக்கு மேல், அழுத்தம் வேண்டும். நடுவில் காற்று இருந்தால் அது சுருங்கிக்கொடுத்து, அந்த அழுத்தத்தைத் தரும் பம்பின் உழைப்பையெல்லாம் விழுங்கிவிடும்.

"ஆனா எங்கேயும் சொட்டலையே அண்ணே?"

"சொட்டாது சார். இது டேங்க்லேருந்து டீசலை இழுக்குற ஃபீட் பம்ப் உறிஞ்சுற பக்கம். காத்து உள்ளே போகும், டீசல் வெளியே வராது."

ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடிக் குழாய், அதாவது உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். குட்டிக் குட்டிக் குமிழிகள் வரிசையாகப் போயின. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான். அடுத்து டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஒரு கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்தார். குமிழியே இல்லை! ஆக, கோளாறு டேங்குக்கும் அந்த டியூபுக்கும் நடுவில்.

பின்சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால், டேங்கின் தலையில் ரப்பர் ஹோஸ் மாட்டும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. டீசல் மட்டத்துக்கு மேலே இருப்பதால் அங்கே ஈரம்கூட இல்லை. புது ஹோஸ், புது கிளாம்ப், பிரைமர் என்கிற கைப்பம்பை அடித்து, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியதும் வேலை முடிந்தது.

டியூபைக் கழற்றப் போனவரை மாமா தடுத்துவிட்டார். டீசலில் சீக்கிரம் விறைத்துப்போகும், அதுவே நாளைக்குக் காற்று இழுக்கும் என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நாலு நாள் இருக்கட்டும் தம்பி" என்று டார்ச்சும் கையுமாக பானெட் பக்கத்திலேயே நிற்கிறார் மாமா.