உலர் திராட்சையில் பொங்கிய ரொட்டி

கள் ஊற்றிப் புளிக்கவைத்த ஆப்ப மாவின் மணத்தைப் பற்றிக் கீழக்கரைப் பக்கம் வயதானவர்களிடம் கேட்டால் போதும், பேச்சு நிற்காது. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. சாயல்குடி வரை சாலையோரம் பனை நிற்கிறது, கிடைப்பது பதநீர்தான். அதை வைத்து ரொட்டி மாவைப் பொங்கவைக்க முடியுமா என்று பார்க்கத்தான் முதலில் இறங்கினேன்.

சுண்ணாம்பு இடம் கொடுக்கவில்லை. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் பெருகாது. புளிக்காமல் இருப்பதற்கென்றே இறக்கிய ஒன்றை மாவில் ஊற்றிவிட்டுப் பொங்கு என்றால் எப்படிப் பொங்கும்? நாலைந்து குமிழி வந்ததோடு சரி.

ஆகவே உலர் திராட்சைக்கு மாறினேன். கண்ணாடிக் குப்பியில் கறுப்புத் திராட்சை ஒரு கைப்பிடி, கரைத்து வடிகட்டிய கருப்பட்டி ஒரு தேக்கரண்டி, கொதித்து ஆறிய நீர் முக்கால் குப்பி. மூடியை இறுக்கக்கூடாது, காற்று வெளியேற வழி வேண்டும். வடிகட்டாத கருப்பட்டி என்றால் அடியில் மணல் நிச்சயம். பழத்தின் தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று பெருகும். திராட்சை மேலே மிதந்து, குப்பியைத் திறந்ததும் நுரை சீறினால் நீர் தயார். நம் வெயிலில் இரண்டு மூன்று நாளில் ஆகிவிடுகிறது. பொன்னிறத் திராட்சை பார்க்க அழகுதான், ஆனால் நிறம் மாறாமல் இருக்கக் கந்தகப் புகை காட்டியது. அதில் ஈஸ்ட் எளிதில் கிளம்பாது.

இதையே இன்னும் சில வாரம் விட்டால் ஒயின். கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடும் வீடுகள் உண்டு என்றாலும், உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிக்க மதுவிலக்குச் சட்டம் இடம் தராது. எனக்கு அதன் முதல் பாதியே போதும்.

மாவுக்கு மைதா 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், திராட்சை நீர் 190 மில்லி, உப்பு 6 கிராம், கருப்பட்டி 40 கிராம். கோதுமைத் தவிடு நீரை மெதுவாகத்தான் குடிக்கும். அதனால் மாவைக் கலந்து அரை மணி நேரம் சும்மா விட்டு, பிறகு உப்பைச் சேர்த்துப் பிசைவது நல்லது. இங்கே தொல்லை வெப்பம்தான். காலையில் பிசைந்தால் மதியத்துக்குள் மாவு உப்பி நிற்கும், ருசிதான் ஏறியிருக்காது. பானைக்கு ஈரத்துணி சுற்றும் யோசனை உள்நாட்டுக்குச் சரி. கடற்காற்றிலேயே ஈரம் இருப்பதால் துணி சீக்கிரம் காயாது, காயாமல் குளிர்ச்சியும் வராது. இப்போது பொழுது சாய்ந்தபின் பிசைகிறேன், பாதி பொங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். விடிந்தபின் வெளியே எடுத்து, மீண்டும் உப்பும்வரை காத்திருக்கிறேன்.

வீட்டில் ரொட்டி சுடும் ஓவன் இல்லை. குக்கரின் அடியில் வாலிநோக்கம் கல்லுப்பு இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒரு முக்காலி. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடேற்றியபின் மாவுத் தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம். அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கிறது. மேற்பக்கம் வெளுத்தே நிற்கிறது. அதைத் தோசைக்கல்லில் கவிழ்த்து ஒரு நிமிடம் வாட்டினால் பரவாயில்லை. உப்பைத் தூக்கிப் போட வேண்டாம், ஆறியதும் டப்பாவில் கொட்டி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

சூடாக வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். ஆறவிடும் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. இந்த ரொட்டிக்குச் சரியான ஜோடி வெண்ணெய் இல்லை, முந்தின நாள் மீன் குழம்பு. இராமநாதபுரம் முண்டு மிளகாய் (2023இல் புவிசார் குறியீடு பெற்றது) அரைத்த குழம்பு என்றால் நிறம் அடர்ந்திருக்கும், காரம் நாக்கைச் சுடாது. கருப்பட்டியின் இனிப்பு அதற்கு ஈடு கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் நல்ல மீன் விலை ஏறிவிடும். அப்போது நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. என்னைக் கேட்டால் அதுதான் ஒரு படி மேல்.

பக்கத்து வீட்டு லாத்தாவுக்கு (அக்காவுக்கு) இரண்டு துண்டு கொடுத்தனுப்பினேன். மணமெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இத்தனை கருப்பட்டி போட்டும் தேங்காய்ப்பால் ஒரு சொட்டுகூட இல்லையே என்றார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தொதல் என்ற இனிப்பு கிண்டும் வீட்டுக்காரர் வேறென்ன சொல்வார்! அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு ரொட்டியை மிருதுவாக்கும், மறுநாளும் காயவிடாது. திராட்சை நீரில் பாதியைக் குறைத்து முதல் பால் ஊற்றி அடுத்த மாவைப் பிசையப் போகிறேன். ஈஸ்டும் பாதியாகிவிடுவதால் பொங்க நேரம் கூடும். பிசைவதை மாலை நான்கு மணிக்கே தொடங்க வேண்டியிருக்கும்.