சனிக்கிழமை சாயங்காலத்தை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையை மூடி என்ன பயன்?

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, ஞாயிற்றுக்கிழமை டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி பெண்கள் எல்லாம் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம், நீ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், நீயே நல்லபடியாக எழுதிக் கொடு கண்ணு என்றார். சரி என்று உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். எழுத மனம் வராமல் இல்லை. எந்த நாளை மூடச் சொல்கிறோம் என்பதிலேயே தவறு செய்கிறோமோ என்று தோன்றியது. அதை அக்காவிடம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, அப்புறம் கேட்டுக்கொண்டார். அவரிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் திருப்பூர்க்காரி. அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். இந்த ஊரில் வாரம் என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் முடியும், சம்பளம் அப்போதுதான். ஞாயிறு விடுமுறை. நான் ஐந்தாவது ஆறாவது படித்த காலத்தில் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ஆறரை மணிக்குக் கம்பெனி கேட் எதிரே இருந்த டீக்கடை ஓரம் போய் நிற்பார். அங்கே எங்கள் அம்மா மட்டும் நின்றதில்லை, ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள்.

அப்பா கையில் ஒரு காக்கி கவர் இருக்கும். அதன் மேல் பேனாவில் பெயர், எத்தனை ஷிப்ட், அட்வான்ஸ் பிடித்தம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று எழுதியிருக்கும். கேட்டில் வைத்து அம்மா கையில் கவர் வந்துவிட்டால் அந்த வாரம் மளிகைக்கடைப் பாக்கி தீரும், ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கறி எடுப்போம். அம்மாவுக்கு வேலை இருந்து போகமுடியாத வாரங்களில் அந்தக் கவர் பத்து மணிக்குமேல் வீட்டுக்கு வரும், பாதி காலியாக. கவர் மேல் எழுதியிருந்த தொகையைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதை எண்ணும்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. கழித்தல் கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை, அந்தக் கவரில்தான் கற்றேன்.

அப்போது டாஸ்மாக் கடை கிடையாது, தனியார் ஒயின்ஷாப்தான். 2003 நவம்பர் 29-இல்தான் அரசே சில்லறைக் கடையைக் கையில் எடுத்தது. கடைக்கு முதலாளி மாறினாரே தவிர சனிக்கிழமைக் கூட்டம் மாறவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு கடையை மூடினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கவே வேண்டியதில்லை, நாம் பார்த்தாயிற்று. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு. மொத்தம் 9 ஞாயிறுகள். பால், மருந்து தவிர எதுவும் கிடையாது, டாஸ்மாக்கும் கிடையாது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம், எட்டு வீடு, ஒரே வாசல், பொதுத் தண்ணீர்த் தொட்டி. யார் வீட்டில் என்ன நடந்தாலும் எல்லோருக்கும் கேட்கும்.

முதல் ஞாயிறு உண்மையிலேயே அமைதியாக இருந்தது. ஆண்கள் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு தாயம் விளையாடினார்கள். இதே அக்காதான் அன்றைக்கு என்னிடம், "இப்படியே வாராவாரம் மூடீட்டா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது வாரமே விஷயம் பிடிபட்டுவிட்டது. சனிக்கிழமை கடையில் நிற்கிற வரிசை நீண்டது. ஒரு குவார்ட்டர் வாங்குகிறவர் மூன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் வாங்கினார், ஆனால் இரண்டை சனிக்கிழமை ராத்திரியே முடித்துவிட்டார். மீதி ஒன்றை ஈரத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வாளியை கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்திருந்ததை அவர் மகள்தான் எடுத்துக் காட்டினாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை. அது தண்ணி பாட்டில் என்று நினைத்திருக்கிறாள்.

பார்களும் மூடியிருந்த சமயம் என்பதால் குடிப்பது முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. முன்பெல்லாம் வெளியே குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிற மனிதர், இப்போது பகல் பதினோரு மணிக்குக் கறி வறுத்துக்கொண்டிருக்கிற மனைவியிடம் டம்ளர் கேட்டார். ஆகஸ்ட் மாதம் ஆனபோது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, திருட்டுத்தனமாக பாட்டில் விற்கிற சந்துக்கடை வந்துவிட்டது. கடையில் விற்கிற விலைக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு விலை. சனிக்கிழமை வாங்கி வைத்தது தீர்ந்துபோனவர்கள் அங்கே போனார்கள். ஞாயிறு மூடியதால் எங்கள் வாசலில் எந்த வீட்டிலும் பணம் மிஞ்சவில்லை, இரண்டு மூன்று வீட்டில் கூடுதலாகவே போனது.

இது எங்கள் வாசலில் மட்டும் நடந்ததில்லை. 2022 ஜனவரி 9 ஞாயிறன்று முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள் அல்லவா, அதற்கு முந்தின நாள், 8-ஆம் தேதி சனிக்கிழமை ஒரே நாளில் மாநிலம் முழுக்க 200 கோடி ரூபாய்க்கு மேல் மது விற்றது. எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி.

கேரளத்தில் 2014-இல் ஞாயிற்றுக்கிழமைகளை மது விற்காத நாளாக ஆக்கிப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே எடுத்துவிட்டார்கள், சுற்றுலா பாதிக்கிறது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அங்கே இன்னொரு வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது, மாதத்தின் முதல் தேதி மதுக்கடை கிடையாது. முதல் தேதி எதற்கு? சம்பளம் வருகிற நாள் என்பதால்தான். இந்த ஒன்றை நினைத்துப் பார்த்ததும்தான் எனக்கு மனு விஷயத்தில் தெளிவு வந்தது. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது காலண்டரைப் பார்க்காமல் சம்பளக் கவரைப் பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊரில் டாஸ்மாக் மூடுகிற நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. எட்டும் மரியாதைக்காக மூடுகிற நாட்கள், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் வாரக்கூலி வாங்குகிற வீட்டுக்கு எது ஆபத்தான நாள் என்று பார்த்து மூடியது இதில் ஒன்றுகூட இல்லை.

ஒரு அனுபவம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஆர்டர் பணம் வருகிற நாள் மாறியதால், ஏறக்குறைய நான்கு மாதம் சம்பளத்தை புதன்கிழமை சாயங்காலம் போட்டோம். முதலாளி குடியை நினைத்து அதைச் செய்யவில்லை, பணப் புழக்கம்தான் காரணம். வருகைப் பதிவேடு என் கையில் இருந்ததால் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. சனிக்கிழமை சம்பளம் போட்ட காலத்தில் திங்கட்கிழமை ஆப்சென்ட் அதிகம், ஒவ்வொரு வாரமும் டெய்லர்களில் நாலைந்து பேர் வரமாட்டார்கள். புதன் சம்பளம் வந்த பிறகு வியாழக்கிழமை ஒருவரோ இருவரோதான் வராமல் இருந்தார்கள். குடிக்காமல் இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். குடித்தார்கள். ஆனால் காலை எட்டரைக்கு ஷிப்ட், போகாவிட்டால் கூலி போகும், லைனில் ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார், அதனால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். செக்கிங் பிரிவில் ஒரு அக்கா, அவர் வீட்டுக்காரரும் அதே கம்பெனியில் கட்டிங், என்னிடம் வந்து சொன்னார்: "அம்மிணி, இந்த நாலு மாசமா வாடகைக்கு நான் யார்கிட்டயும் கைமாத்து கேட்கலை."

அதன்பின் மறுபடி சனிக்கிழமைக்கே மாறினோம். கேட்டது தொழிலாளர்கள்தான், பெண்களும் சேர்ந்துதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் சாமான் வாங்க நேரம், கையில் அன்றைக்குப் பணம் வேண்டும், வெளியூர்க்காரர்கள் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவதற்கும் வேண்டும். அதுவும் நியாயம். பேங்கில் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். பிஎஃப் பிடிக்கிறவர்களுக்கு பேங்கில்தான் போடுகிறோம். ஏடிஎம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது, எடுக்க இரண்டு நிமிடம்.

சம்பளமும் விடுமுறையும் ஒட்டிக்கொண்டு வருகிற அந்த சில மணி நேரம்தான் வீட்டைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. கையில் முழு வாரப் பணம், மறுநாள் எழுந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை, இந்த மூன்றும் ஒன்றாக வருவது சனிக்கிழமை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான். ஞாயிறு மூடுவது இது எல்லாம் முடிந்த பிறகு மூடுவது. ஞாயிற்றுக்கிழமையும் மூடட்டும், எனக்கு சந்தோஷம்தான், ஆனால் முந்தின நாள் சாயங்காலத்தைத் திறந்து வைத்துவிட்டு மூடினால் நாங்கள் 2020-இல் பார்த்ததைத்தான் மறுபடியும் பார்ப்போம்.

நேரத்தைக் குறைப்பது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு: 2016-இல் ஜெயலலிதா காலை பத்து மணிக்குத் திறந்த கடையைப் பகல் பன்னிரண்டுக்கு மாற்றினார், 500 கடைகளையும் மூடினார். 2017-இல் இன்னொரு 500. 2023 ஜூனில் 5,329 கடைகளில் 500-ஐ மூடி 4,829 ஆக்கினார்கள். அரசு நினைத்தால் நேரத்திலும் எண்ணிக்கையிலும் கை வைக்க முடியும், ஏற்கனவே வைத்திருக்கிறார்கள்.

வருமானம் போகும் என்பார்கள். மது மூலம் அரசுக்கு 2023-24-இல் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வந்தது, அது சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பழைய கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அதனால் வந்த ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். இடையில் மதுவிலக்கு எத்தனை தடவை போய் வந்து மறுபடி போய்விட்டது, அந்த வரியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மதுவை நிறுத்துவதற்காக ஒரு தடவை பணம் கொடுத்துவிட்டோம், இப்போது மதுவுக்கும் கொடுக்கிறோம், வரியும் கொடுக்கிறோம்.

கள்ளச்சாராயம் பெருகும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆனால் அப்போது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. அங்கே குடித்துச் செத்தவர்களில் பலர் கூலி வேலை செய்தவர்கள், குவார்ட்டர் விலை கட்டுப்படாமல் பாக்கெட் சாராயத்துக்குப் போனவர்கள். கடை திறந்திருப்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. சந்துக்கடையைப் பிடிக்க வேண்டியது போலீஸ் வேலை, அதை ஒழுங்காகச் செய்யாமல் கடையை மூடக்கூடாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மதுவிலக்குக்காகப் பல வருடம் போராடிய காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31-இல் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரைவிட்டார். அவர் கேட்டது முழு மதுவிலக்கு. நான் கேட்பது வாரத்தில் ஐந்து மணி நேரம்.

ஆகவே மனுவை மாற்றி எழுதிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையை அடைக்க வேண்டும், ஞாயிறு சேர்த்து மூட முடிந்தால் மூட வேண்டும், கம்பெனிகள் இருக்கும் சாலைகளில் முதலில் செய்து பார்க்க வேண்டும், இவ்வளவுதான். அக்கா படித்துவிட்டு, "அஞ்சு மணின்னா கம்பெனி விடறதுக்கு முன்னாடியே அடைச்சிருவாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாங்க்கா என்றேன். அவர்தான் முதல் கையெழுத்து. நேற்று வரைக்கும் 43 பேர் போட்டிருக்கிறார்கள், அதில் 6 பேர் ஆண்கள், ஒருவர் அந்த வாளியில் பாட்டில் வைத்திருந்தவர்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் காலையிலேயே போகிறோம். சிவகாசி, கரூர், ஈரோடு பக்கம் வாரச் சம்பளம் வாங்குகிறவர்கள் இதைப் படித்தால் உங்கள் ஊரில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சம்பளம் போடுகிறார்கள் என்று எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.